டிவி கேபிளில் இணையம் ஓடிய வரலாறு

அமெரிக்காவில் இணைய இணைப்பு வைத்திருக்கும் வீடுகளில் பெரும்பகுதிக்கு அது தொலைபேசிக் கம்பியில் வருவதில்லை, டிவி கேபிளில்தான் வருகிறது. ஆனால் இந்தக் கேபிள் இணையத்துக்காகப் போடப்பட்டது அல்ல. படம் காட்டுவதற்காகப் போடப்பட்டது. அதுவும் ஒரே திசையில், நிலையத்திலிருந்து வீட்டுக்கு. வீட்டிலிருந்து நிலையத்துக்குத் திருப்பி அனுப்ப ஏதாவது இருக்கும் என்று அன்று யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

அப்படிப்பட்ட கேபிளில் 1996இல் நொடிக்கு 10 மெகாபிட் வரை இணையம் வந்தது. 2023இல் அதே கேபிள் 2 கிகாபிட் வரை வந்துவிட்டது. அதாவது 200 மடங்கு! இத்தனைக்கும் பல தெருக்களில் வீட்டு வாசல் வரை வரும் கம்பி பழைய கம்பிதான். அப்படியானால் இவ்வளவு கொள்ளளவு எங்கிருந்து வந்தது? வேகம் இத்தனை மடங்கு கூடிய பிறகும், ஊருக்கு வெளியே ஒதுங்கி நிற்கும் வீட்டுக்கு இணைப்பே போகாமல் இருந்தது ஏன்? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் கேபிள் இணையத்தின் வரலாறு புரியும்.

மலைக்குப் பின்னால் இருந்த ஊர்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் டிவி வேகமாகப் பரவியது. ஆனால் டிவி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. நடுவில் மலை வந்தால் மலைக்கு அப்பால் படம் தெரியாது. பென்சில்வேனியா மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்க ஊர்கள் இப்படி மலைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவை. பிலடெல்பியா நகரத்து நிலையங்கள் அங்கே சரியாக எடுபடாது.

அந்த ஊர்களில் ஒன்றான மஹனாய் சிட்டியில் மின்சாதனக் கடை நடத்தியவர் ஜான் வால்சன். படமே தெரியாத ஊரில் டிவி பெட்டியை யார் வாங்குவார்கள்? அவர் பக்கத்து மலையில் ஆண்டெனா நட்டு, அங்கிருந்து கடை வரை கம்பி இழுத்தார். வழியில் இருந்த வீடுகளுக்கும் இணைப்புக் கொடுத்தார். இது 1948இல் நடந்ததாக அவர் சொன்னார். ஆவணங்கள் பின்னாளில் தீ விபத்தில் அழிந்துவிட்டன. அதே 1948 நவம்பரில் ஆரிகன் மாநிலத்தின் அஸ்டோரியா நகரில் எட் பார்சன்ஸ் என்பவர், ஓட்டல் கூரையில் ஆண்டெனா வைத்து, சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் இருந்த சியாட்டில் நிலையத்தின் படத்தைப் பிடித்துக் கம்பி வழியாகப் பகிர்ந்தார். 1950இல் பென்சில்வேனியாவின் லான்ஸ்ஃபோர்டு ஊரில் ராபர்ட் டார்ல்டன் இதையே ஒரு நிறுவனமாக அமைத்து நடத்தினார். அவருக்கு ஆம்ப்ளிஃபயர்கள் செய்து கொடுத்த ஜெரால்டு எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் தலைவர் மில்டன் ஷாப், பின்னர் அந்த மாநிலத்தின் ஆளுநராகவே ஆனார்.

அரசின் முடிவு ஒன்றும் கேபிளுக்குக் கைகொடுத்தது. அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1948 முதல் 1952 வரை புதிய டிவி நிலையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. நிலையம் இல்லாத ஊர்களுக்குக் கேபிளை விட்டால் வேறு வழியில்லை. 1952இல் 70 கேபிள் அமைப்புகளும் 14,000 சந்தாதாரர்களும் இருந்தார்கள். பத்தே ஆண்டுகளில், 1962இல், அமைப்புகள் 800ஐ நெருங்கின. சந்தாதாரர்கள் சுமார் 8.5 லட்சம் ஆனார்கள்.

ஆக, கேபிள் பிறந்ததே எட்டாத ஊருக்கு எட்டுவதற்காகத்தான். இதை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் கதை பின்னால் இதற்கு நேரெதிராகத் திரும்புகிறது.

கடைமடைத் தொல்லை

கேபிள் டிவிக்குப் பயன்பட்டது கோ-ஆக்சியல் கேபிள். நடுவில் ஒரு செப்புக் கம்பி, சுற்றிலும் காப்புப் பொருள், அதைச் சுற்றி உலோகக் கவசம். வெளியிலிருந்து வரும் இரைச்சலைக் கவசம் தடுக்கும். உள்ளே பல சேனல்கள் ஒவ்வொன்றும் தனித்தனி அதிர்வெண்ணில் ஒரே நேரத்தில் ஓடும். அமெரிக்காவில் ஒரு சேனலுக்கு 6 மெகாஹெர்ட்ஸ் அகலம்.

இந்தக் கேபிளுக்கு ஒரு குறை உண்டு. தூரம் போகப் போக சிக்னல் தேயும். அதிர்வெண் கூடக் கூட இன்னும் வேகமாகத் தேயும். அதனால் சில நூறு மீட்டருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் வைத்து சிக்னலைத் தூக்கிவிட வேண்டும். ஆனால் ஆம்ப்ளிஃபயர் படத்தை மட்டும் பெரிதாக்குவதில்லை. இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் கலக்கிறது. ஹெட்எண்ட் எனப்படும் தலைமை நிலையத்திலிருந்து ஊர்க்கோடி வரை இருபது, முப்பது ஆம்ப்ளிஃபயர்கள் வரிசையாக நின்றால் கடைசி வீட்டுக்குப் போகும் படம் எப்படி இருக்கும்? புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். நடுவில் ஒன்று பழுதானால் அதற்கு அப்பால் உள்ள எல்லா வீடுகளும் இருட்டு.

வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தலைமடைக்காரருக்குத் தண்ணீர் நிறைய. கடைமடைக்காரருக்கு மிச்சம் மீதி. கேபிளில் கொள்ளளவைக் கூட்டுவது என்றால் உயர்ந்த அதிர்வெண்களைப் பயன்படுத்த வேண்டும். உயர்ந்த அதிர்வெண் சீக்கிரம் தேயும், எனவே ஆம்ப்ளிஃபயர்கள் நெருக்கமாக வேண்டும். நெருக்கமாக வைத்தால் இரைச்சல் கூடும். இந்தச் சுழலில் கேபிள் நிறுவனங்கள் நெடுங்காலம் சிக்கியிருந்தன.

இதற்கிடையே தேவை வளர்ந்துகொண்டே போனது. 1972இல் பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பேரி நகரில் தொடங்கிய எச்.பி.ஓ. சேனல், 1975இல் செயற்கைக்கோள் வழியாக நாடெங்கும் போனது. அதைப் பார்த்து மற்ற சேனல்களும் வந்தன. கேபிள் இனி மலைக்குப் பின்னால் இருக்கும் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ஆண்டெனாவிலேயே படம் தெளிவாகத் தெரிந்த பெரிய நகரங்களும் கேபிள் கேட்டன. 1980களின் இறுதியில் சந்தா கட்டிய வீடுகள் சுமார் 5.3 கோடி. இத்தனை சேனல்களைப் பழைய கேபிளில் எப்படித் திணிப்பது?

கண்ணாடி இழை வந்தது

விடை 1980களின் இறுதியில் கிடைத்தது. டைம் நிறுவனத்தின் கேபிள் பிரிவான ஏ.டி.சி.யில் ஜிம் சிடிக்ஸ் தலைமையில் பொறியாளர்கள் ஒரு வழியை முன்வைத்தார்கள். ஊர் முழுவதும் வீட்டுக்கு வீடு கண்ணாடி இழை போட்டால் செலவு கட்டுப்படியாகாது. ஆனால் தலைமை நிலையத்திலிருந்து ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு இழை கொண்டுபோவது முடியும். கண்ணாடி இழையில் ஒளி பல கிலோமீட்டர் தூரம் ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே போகும். பேட்டையின் நடுவில் நோடு என்ற பெட்டி இருக்கும். அது ஒளியை மின் சிக்னலாக மாற்றும். அங்கிருந்து வீடுகள் வரை பழைய கோ-ஆக்சியல் கேபிளே போதும்.

இதைத்தான் எச்.எஃப்.சி. என்கிறார்கள். பாதி கண்ணாடி, பாதி செம்பு என்று சொல்லலாம். இருபது, முப்பது ஆம்ப்ளிஃபயர்கள் நின்ற இடத்தில் நான்கைந்து போதும் என்றானது. இரைச்சல் குறைந்தது. 300, 450 மெகாஹெர்ட்ஸ் என்று நின்றிருந்த கேபிள் 750 மெகாஹெர்ட்ஸ் வரை ஏறியது. 1991இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் டைம் வார்னர் 150 சேனல்களை ஓட்டிக் காட்டியது.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த இழை போடப்பட்டது இணையத்துக்காக அல்ல என்பது. டிவி சேனல்களைக் கூட்டுவதற்காகவும் படத்தைத் தெளிவாக்குவதற்காகவும் போடப்பட்டது. ஆனால் அதனால் தற்செயலாக ஒரு பெரிய மாற்றம் நடந்துவிட்டது. அதுவரை ஊர் முழுவதும் ஒரே மரம். ஒரே வேரிலிருந்து எல்லாக் கிளைகளும். இப்போது ஒவ்வொரு பேட்டையும் தனி மரம். ஒரு பேட்டைக்கு அனுப்புவதை இன்னொரு பேட்டைக்கு அனுப்ப வேண்டியதில்லை. டிவிக்கு இதனால் பெரிய பயன் இல்லை, எல்லோரும் பார்ப்பது அதே சேனல்கள்தானே! இணையத்துக்கோ இதுதான் உயிர்நாடி.

மோடம் பிறந்த கதை

கேபிளில் கணினித் தகவலை அனுப்பும் முயற்சிகள் முன்பே இருந்தன. அதை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடிய பொருளாக்கியவர்களில் முக்கியமானவர் ரூஸ்பே யாசினி. ஈரானில் பிறந்து, அமெரிக்காவில் மின்பொறியியல் படித்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லான்சிட்டி என்ற நிறுவனத்தை நடத்தினார். கேபிள் மோடத்தின் தந்தை என்று இவரைச் சொல்வதுண்டு. லான்சிட்டியை 1996இல் பே நெட்வொர்க்ஸ் வாங்கியது.

அதே 1996 செப்டம்பரில் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் அட்ஹோம் என்ற சேவை தொடங்கியது. டி.சி.ஐ. கேபிள் நிறுவனமும் கிளைனர் பெர்கின்ஸ் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து அமைத்தது அது. தொலைபேசி வழியே நொடிக்கு 28.8 கிலோபிட் வேகத்தில் காத்துக் கிடந்தவர்களுக்கு 10 மெகாபிட் வரை கிடைத்தது. 1997 ஜூனில் மைக்ரோசாஃப்ட் காம்காஸ்ட் நிறுவனத்தில் 100 கோடி டாலர் முதலீடு செய்தது. கேபிள்தான் வருங்காலம் என்று சந்தை நம்பத் தொடங்கியது.

ஆனால் ஒவ்வொரு நிறுவனத்தின் மோடமும் ஒவ்வொரு மொழி பேசியது. ஓர் ஊரில் வாங்கிய மோடம் அடுத்த ஊரில் உதவாது. விலையும் குறையாது. இதற்கு முடிவு கட்ட காம்காஸ்ட், காக்ஸ், டி.சி.ஐ., டைம் வார்னர் ஆகியவை சேர்ந்து ஒரு பொதுத் தரத்தை எழுதின. 1997 மார்ச்சில் வெளியான அதன் பெயர் டாக்சிஸ். கேபிள் நிறுவனங்கள் 1988இல் பொதுவாக அமைத்த கேபிள்லேப்ஸ் ஆய்வகம் அதை வளர்த்தது. 1999இல் சான்று பெற்ற மோடங்கள் கடைக்கு வந்தன.

அட்ஹோம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1999இல் எக்சைட் என்ற தேடுதளத்தோடு இணைந்து, 2001 செப்டம்பரில் திவால் மனு கொடுத்தது. அந்த டிசம்பர் முதல் தேதி ஏ.டி.&டி. பிராட்பேண்டின் சுமார் 8.5 லட்சம் வாடிக்கையாளர்களுக்கு இணைப்பு நின்றது. நிறுவனம் அவர்களை அவசர அவசரமாகத் தன் சொந்த வலையமைப்புக்கு மாற்றியது. நிறுவனம் போனது, தரம் நின்றது. டாக்சிஸ் இல்லாவிட்டால் கேபிள் இணையமே அட்ஹோமுடன் முடங்கியிருக்கலாம்.

பங்கு போட்டுக்கொள்ளும் கம்பி

தொலைபேசிக் கம்பி ஒவ்வொரு வீட்டுக்கும் தனி. கேபிள் அப்படியல்ல. ஒரு நோடின் கீழ் உள்ள எல்லா வீடுகளும் ஒரே கம்பியைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. தொடக்க கால டாக்சிஸில் ஒரு 6 மெகாஹெர்ட்ஸ் சேனலில் அதிகபட்சம் சுமார் 38 மெகாபிட் ஓடும். அதை அந்தப் பேட்டையின் மோடங்கள் அனைத்தும் பகிர வேண்டும். பகலில் பறக்கும் இணையம் இரவு எட்டு மணிக்கு நத்தை போல நகரும். தொலைபேசி நிறுவனங்கள் இதைக் கிண்டல் செய்தே விளம்பரம் போட்டன.

கேபிள்காரர்கள் கண்ட விடை எளிமையானது: பந்தியைப் பிரி. ஒரு நோடின் கீழ் 1,000 வீடுகள் இருந்தால் அதை 500, 500 என்று இரண்டாக்கு. உடனே ஒவ்வொரு வீட்டின் சராசரிப் பங்கும் இரு மடங்காகும். இதற்குத் தெருவில் புதுக் கம்பி போட வேண்டியதில்லை. பெரும்பாலான நோடுப் பெட்டிகளிலிருந்து நான்கு திசைகளில் கேபிள் கிளம்பும். ஒவ்வொரு கிளைக்கும் தனி ஒளிக்கருவி வைத்து, ஏற்கனவே உள்ள இழையில் வேறு வேறு நிற ஒளிகளை அனுப்பினால் ஒரு நோடு நான்கு நோடாகும். அதுவும் போதாவிட்டால் இழையைத் தெருவுக்குள் இன்னும் கொஞ்சம் நீட்டி, புதிய நோடு வைக்கலாம்.

இப்படி 2,000 வீட்டு நோடு 500 ஆனது, 500 பின்னர் பல இடங்களில் 100க்கு அருகில் வந்தது. சில இடங்களில் நோடுக்குப் பிறகு ஆம்ப்ளிஃபயரே இல்லாத நிலை வந்தது. கேபிள் இணையத்தின் கொள்ளளவு கூடிய கதையில் பாதி இதுதான். கம்பி பெரிதாகவில்லை, அதைப் பகிர்பவர்கள் குறைந்தார்கள்.

டிவியிடமிருந்து பறித்த இடம்

மறுபாதி, கம்பிக்குள் இணையத்துக்கு இடம் கண்டுபிடித்த கதை. 2000களின் தொடக்கத்தில் கேபிளின் பெரும்பகுதியை அனலாக் டிவி பிடித்திருந்தது. ஒரு அனலாக் சேனலுக்கு 6 மெகாஹெர்ட்ஸ் முழுவதும் வேண்டும். அதே இடத்தில் சாதாரண டிஜிட்டல் சேனல்களை வைத்தால் பத்து, பன்னிரண்டு வைக்கலாம். எனவே ஒவ்வொரு டிவிக்கும் ஒரு சிறு டிஜிட்டல் பெட்டி கொடுத்துவிட்டு அனலாக்கை மூடினால் கம்பியில் பெரும் இடம் காலியாகும். 2009ஐ ஒட்டிக் காம்காஸ்ட் இதைப் பெரிய அளவில் செய்தது.

காலியான இடத்தைப் பயன்படுத்தும் வழியை 2006இல் வந்த டாக்சிஸ் 3.0 கொடுத்தது. ஒரு மோடம் ஒரு சேனலில்தான் பேச வேண்டும் என்ற கட்டுப்பாடு நீங்கியது. நான்கு சேனல்களைச் சேர்த்துக் கட்டினால் சுமார் 150 மெகாபிட், எட்டு என்றால் 300 மெகாபிட். 2008 ஏப்ரலில் மினியாபோலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில் காம்காஸ்ட் இந்த முறையில் 50 மெகாபிட் சேவையைத் தொடங்கியது. வெரைசன் நிறுவனம் வீடு வரை கண்ணாடி இழை கொண்டுவரத் தொடங்கியிருந்த நேரம் அது. போட்டி இல்லாத ஊர்களைவிடப் போட்டி வந்த ஊர்களில்தான் புது வேகங்கள் சீக்கிரம் வந்தன என்பதில் ஆச்சரியம் இல்லை.

2013இல் வந்த டாக்சிஸ் 3.1 அந்த 6 மெகாஹெர்ட்ஸ் கட்டங்களையே கைவிட்டது. அகலமான பாதையை ஆயிரக்கணக்கான மெல்லிய அலைகளாகப் பிரித்து அனுப்பியது. முன்பு ஒரு குறியில் 8 பிட். இதில் கம்பி சுத்தமாக இருந்தால் 12 பிட் வரை. கம்பி சுத்தமாக இருக்க ஆம்ப்ளிஃபயர்கள் குறைய வேண்டும், அதற்கு இழை அருகில் வர வேண்டும். பந்தியைப் பிரித்ததன் இன்னொரு பலன் இங்கே தெரிந்தது. 2016இல் அட்லாண்டாவில் கேபிள் வழியே கிகாபிட் சேவை வந்தது.

திரும்பும் பாதையின் கடன்

கிகாபிட் என்றால் வீட்டுக்கு வரும் வேகம். வீட்டிலிருந்து போகும் வேகம்? பல திட்டங்களில் 35 மெகாபிட்! ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறுபக்கம் ஒற்றையடிப் பாதை.

காரணம் பழையது. டிவிக்காகக் கேபிளைப் பிரித்தபோது திரும்பும் பாதைக்கு ஒதுக்கியது 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேல் எல்லாம் வீட்டை நோக்கி. அந்தச் சிறு துண்டும் சுத்தமானது அல்ல. தளர்ந்த இணைப்பு, பழைய ஒயர், பக்கத்து மோட்டார், அமெச்சூர் ரேடியோ என்று எல்லா இரைச்சலும் அந்த அதிர்வெண்களில்தான் புகும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிளம்பும் இரைச்சல் புனலில் ஊற்றியது போல ஒரே இடத்தில் வந்து சேரும். ஒரு வீட்டின் கோளாறு ஒரு தெருவையே கெடுக்கும்.

இந்த ஒற்றையடிப் பாதை அரசியல் பிரச்சினையாகவும் வெடித்தது. 2007இல் காம்காஸ்ட், பிட்டோரன்ட் வழியாகக் கோப்புகளைப் பதிவேற்றும் இணைப்புகளைக் குறுக்கிட்டுத் துண்டிப்பது வெளியானது. பதிவேற்றம்தான் கேபிளின் பலவீனமான பக்கம். நிறுவனம் நெரிசலைக் காரணம் காட்டியது. 2008 ஆகஸ்டில் எஃப்.சி.சி. அதைத் தவறு என்றது. 2010இல் நீதிமன்றம் எஃப்.சி.சி.க்கு அந்த அதிகாரம் இல்லை என்றது. அதற்குள் காம்காஸ்ட், குறிப்பிட்ட மென்பொருளைப் பார்க்காமல் நெரிசலை மட்டும் பார்க்கும் முறைக்கு மாறியிருந்தது. இணையச் சமநிலை பற்றிய பெரிய விவாதத்துக்கு எண்ணெய் ஊற்றிய நிகழ்வு இது. அதன் அடியில் இருந்ததோ டிவி காலத்தில் எடுத்த ஒரு பொறியியல் முடிவு.

2020இல் கொரோனா வந்தது. பள்ளிக்கூடமும் அலுவலகமும் வீட்டுக்குள் வந்தன. காம்காஸ்ட் கணக்குப்படி 2019ஐ விட அந்த ஆண்டில் உச்சநேரப் பதிவிறக்கம் 38 சதவீதமும் பதிவேற்றம் 56 சதவீதமும் கூடின. ஒரே வீட்டில் அம்மா கூட்டத்தில் பேச, பிள்ளை பாடத்தில் முகம் காட்ட, யாருடைய படம் உறையும் என்பது அந்தச் சிறு துண்டைப் பொறுத்தது.

கடனை அடைக்கும் வேலை அதன்பின் வேகம் பிடித்தது. திரும்பும் பாதையை 85 அல்லது 204 மெகாஹெர்ட்ஸ் வரை நீட்டினார்கள். இதற்கு வழிநெடுக உள்ள ஆம்ப்ளிஃபயர்களை மாற்ற வேண்டும். டாக்சிஸ் 4.0 இன்னும் மேலே போனது. அதில் இரண்டு வழிகள். ஒன்று, கேபிளை 1.8 கிகாஹெர்ட்ஸ் வரை ஏற்றி, கிடைக்கும் புது இடத்தைக் கொண்டு திரும்பும் பாதையை அகலப்படுத்துவது. மற்றொன்று, ஒரே அதிர்வெண்ணில் இரு திசையிலும் பேசி, தன் குரலின் எதிரொலியைத் தானே கழித்துவிடுவது. இரண்டாம் வழியில் 2023 அக்டோபரில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் காம்காஸ்ட் இருபுறமும் 2 கிகாபிட் வரை தரத் தொடங்கியது.

கடைசி வீடு

கொள்ளளவின் கதை இவ்வளவு வெற்றிகரமானது. எட்டும் தூரத்தின் கதை அப்படி அல்ல.

ஒரு நோடைப் பிரித்தால் நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் பயன்பெறும். அவர்கள் ஏற்கனவே சந்தா கட்டுபவர்கள். ஒரு புதிய கிராமச் சாலையில் கம்பி இழுத்தால்? மைலுக்கு ஐந்து வீடுகள் இருக்கும். அதிலும் எத்தனை பேர் சேர்வார்கள் என்பது தெரியாது. கம்பம் மின்வாரியத்துடையதாகவோ தொலைபேசி நிறுவனத்துடையதாகவோ இருக்கும். வாடகை கொடுக்க வேண்டும். கம்பம் பழையதாக இருந்தால் மாற்றும் செலவும் தலையில் விழும். அதனால் கேபிள் நிறுவனங்கள் ஊராட்சிகளுடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் பெரும்பாலும் மைலுக்கு இத்தனை வீடுகள் என்ற வரம்பு இருந்தது. 20 அல்லது 30 வீடுகளுக்குக் குறைந்த சாலைக்குக் கம்பி போட வேண்டிய கட்டாயம் இல்லை. வரம்புக்கு வெளியே இருப்பவர் கேட்டால் செலவை அவரே ஏற்க வேண்டும். மலைக்குப் பின்னால் இருந்த ஊருக்காகப் பிறந்த தொழில், வீடு குறைந்த சாலையின் வாயிலில் நின்றுவிட்டது.

வரைபடம் இதை மறைத்தது. எஃப்.சி.சி. பல ஆண்டுகளாகக் கையாண்ட முறையில், ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதியில் ஒரே ஒரு வீட்டுக்குச் சேவை தர முடிந்தாலும் அந்தத் தொகுதி முழுவதும் சேவை பெற்றதாகக் கணக்கு. நகரத்தில் ஒரு தொகுதி என்பது நான்கு தெருக்களுக்குள் அடங்கும். கிராமத்தில் அது பல மைல். கம்பி முடியும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த வீடும் காகிதத்தில் இணைப்பு பெற்ற வீடாகிவிட்டது. அரசு மானியமும் அதற்குக் கிடைக்காது. வீடு வாரியான புதிய வரைபடம் 2022 நவம்பரில்தான் வெளிவந்தது.

நியூயார்க் மாநிலத்தில் நடந்தது நல்ல பாடம். 2016இல் சார்ட்டர் நிறுவனம் டைம் வார்னர் கேபிளை வாங்கியபோது, மாநிலப் பொதுச்சேவை ஆணையம் ஒரு நிபந்தனை போட்டது. சரியான சேவை இல்லாத 1,45,000 வீடுகளுக்கு நான்கு ஆண்டுகளில் கம்பி போட வேண்டும். சார்ட்டர் காட்டிய கணக்கில் நியூயார்க் நகரத்து முகவரிகளும் இருந்தன. நிபந்தனை ஊர்ப்புறத்துக்காகப் போடப்பட்டது என்றது ஆணையம். கணக்கு சரிதான் என்றது நிறுவனம். 2018 ஜூலையில் ஆணையம் இணைப்புக்கான ஒப்புதலையே ரத்து செய்து, மாநிலத்தைவிட்டு வெளியேறும் திட்டத்தைத் தரச் சொன்னது! 2019இல் சமரசம் ஆனது. 1,45,000 வீடுகளும் நகரத்துக்கு வெளியே, மாநிலத்தின் வட பகுதியிலேயே இருக்க வேண்டும். 2021 செப்டம்பருக்குள் முடிக்க வேண்டும் என்று முடிவானது. கேட்க ஆள் இருந்ததால் கம்பி போனது.

மற்ற இடங்களில் பணம் அந்த வேலையைச் செய்தது. 2020 டிசம்பரில் முடிவு வெளியான எஃப்.சி.சி.யின் ஊரக ஏலத்தில் சார்ட்டர் 24 மாநிலங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களுக்காகச் சுமார் 122 கோடி டாலர் மானியம் வென்றது. 2021இல் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம் பிராட்பேண்ட் விரிவாக்கத்துக்கு 4,245 கோடி டாலர் ஒதுக்கியது. இப்படிப் புதிதாகப் போகும் ஊரகப் பாதைகளில் கேபிள் நிறுவனங்களே பெரும்பாலும் கோ-ஆக்சியலை விட்டுவிட்டு வீடு வரை கண்ணாடி இழையையே போடுகின்றன. புதிதாகப் போடும்போது பழைய கடனை ஏன் சேர்த்துப் போட வேண்டும்?

முடிவாக

கேபிள் வலையமைப்பின் வரலாற்றில் இரண்டு கணக்குகள் தனித்தனியாக ஓடுகின்றன. கொள்ளளவு என்பது பொறியாளரின் கணக்கு. இழையை அருகில் கொண்டுவா, பந்தியைப் பிரி, டிவியின் இடத்தை எடு, குறிகளை நெருக்கு. ஒவ்வொரு பத்தாண்டிலும் இதற்கு ஒரு விடை கிடைத்தது. ஏற்கனவே கம்பி உள்ள தெருவில் எந்த விடையும் பயன் தந்தது.

எட்டும் தூரம் என்பது வேறு கணக்கு. அதை எந்த டாக்சிஸ் தரமும் தீர்க்கவில்லை. மைலுக்கு எத்தனை வீடு, யார் ஒப்பந்தம் எழுதினார்கள், யார் வரைபடம் வரைந்தார்கள், யார் செலவை ஏற்றார்கள் என்பதே அதைத் தீர்மானித்தது. வாய்க்காலை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் கடைமடைக்கு அப்பால் இருக்கும் நிலத்துக்குத் தண்ணீர் போகாது. அதற்கு வாய்க்காலை நீட்ட வேண்டும். நீட்டச் சொல்ல ஒருவர் வேண்டும். 1948இல் அதைச் சொன்னவர் டிவி பெட்டி விற்க விரும்பிய கடைக்காரர். இன்று அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்தச் சாலையில் வாழும் மக்களும் அவர்கள் தேர்ந்தெடுத்த அரசும்தான்.